என்ற கைக்கு எடுக்காத வண்டி

பேட்டரியத் தொடாதீங்க பாய். அது போன மாசம் போட்டதுங்க. காயிலும் புதுசு, பிளக்கும் புதுசு. செல்ப் நல்லாச் சுத்தும், கேட்டீங்கல்ல? எஞ்சின்தான் புடிக்காது. கெரகம், ஒரு வருசமா இப்புடித்தான் என்ற மானத்த வாங்குது.

இல்லீங்க, தெனமும் இல்ல. எங்கூட்டுக்காரரு சாவியத் திருப்புனா ஒரே தாட்டில எடுத்துக்கும். நான் உக்காந்தா சில நாளைக்கு எடுக்கும், சில நாளைக்குப் பொணமாட்டக் கெடக்கும்.

ஓட்டத் தெரியாமயா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்தப் பியட்டு எண்பத்தஞ்சுல புதுசா எடுத்ததுங்க. அடுத்த வருசமே நான் கத்துக்கிட்டேன். அன்னூர்ச் சந்தைக்குத் தக்காளிக் கூடைய ஏத்திட்டு நானே போவேன். அவருக்குச் சக்கரை ஏறி மயங்கி உழுந்தப்ப, ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில நாந்தானே கொண்டுட்டுப் போனேன். அன்னைக்கெல்லாம் ஒழுங்கா எடுத்துச்சு.

காட்டாம இருப்பமா? அன்னூர்ல வேங்கடசாமின்னு ஒரு மெக்கானிக்கு, எப்பவும் அவருதான். கூத்தக் கேளுங்க, அவரு வந்து திருப்புனா கும்முனு எடுத்துக்கும்! நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிக் கைகாலெல்லாம் ஓஞ்சு உக்காந்திருப்பேன். எங்கூட்டுக்காரரு வாசல்ல நின்னு சிரிப்பாரு. இதுக்கு ஆம்பளக் கைதான் புடிக்குமாட்ட இருக்குதுங்கன்னு சொல்லுவாரு. அந்தாளும் கூடச் சேந்து சிரிச்சுப்போட்டு, வந்ததுக்கு ஏதாச்சும் ஒரு சாமானத்த மாத்திட்டுப் போவாரு. ஒறம்பரை ஊட்டுக்குப் போனா அங்கயும் இதே பேச்சு. எங்கம்மணி உக்காந்தா வண்டி மொரண்டு புடிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சுட்டாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். அதுக்குத்தான் இன்னைக்கு அவரு அவிநாசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் பங்காளி வண்டில போனதும், உக்கடத்துல உங்க பட்டறைக்குப் போனப் போட்டு வரச் சொன்னேன். பொழுதோடதான் வருவாரு.

திருஷ்டியா? எலுமிச்சம்பழம் கட்டுனதும் அவருதானுங்க. உன்ற கைராசிக்கு எதுக்கும் கேட்டுப் பாக்கலாம்னு அவரே கூட்டிட்டுப் போயி, கருப்பராயன் கோயல்ல பூப்போட்டு வாக்குக் கேட்டோம். சாமி நல்ல பூவத்தான் குடுத்துச்சு. அப்பறமும் எடுக்கல.

என்னதுங்க? சீட்டுக்கடியிலயா? இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

ஆமா, வயரு. அதுக்கு மேல என்னங்க, குட்டியா ஒரு சுவிட்சு? கார்ப்பெட்டக் கிழிச்சு உள்ள வெச்சிருக்குது. திருட்டு லாக்கா? திருடன் எடுத்துட்டுப் போகாம இருக்க வெக்கறதா? ஓ. இத அமத்திப்போட்டா காயிலுக்குக் கரண்டு போகாது. செல்ப் மட்டும் சுத்தும். சுவிட்சு இருக்கற எடம் தெரிஞ்சவனுக்குத்தான் வண்டி எடுக்கும்.

எங்கூட்டுல திருடன் யாருங்க பாய்?

போட்டுட்டுத் திருப்புங்க பாக்கலாம். ம். எடுத்துருச்சு. ஒரே தாட்டில. அமத்துங்க. போதும், அமத்திப்போடுங்க. இந்தச் சத்தத்தக் கேக்கவே முடியல. இருங்க, நான் இப்புடிப் படில உக்காந்துக்கறேன்.

முன்ன வெச்சிருந்தவங்க யாரும் இல்லீங்க, வேற கை மாறாத வண்டி. போன வருசம் மாசியில திருப்பூருக்கு எடுத்துட்டுப் போனாரு. சர்வீசுக்கு உட்டிருக்கறேன், நாளைக்கு வந்துரும்னாரு. அப்ப வெச்சிருக்கோணும். எப்ப உக்காந்தாலும் குனிஞ்சு சீட்டுக்கடியில கைய உடுவாரு பாய். செருப்புத் தடுக்குதும்பாரு. நானும் பைத்தியக்காரியாட்ட அந்தச் செருப்ப எடுத்து அக்கட்டால வெப்பேன்.

திருட்டுக்குப் பயந்து வெச்சிருப்பாரா? நீங்க நல்ல மனுசன், அப்புடித்தான் சொல்லுவீங்க. திருட்டுக்குப் பயந்தவரு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாருங்களா?

இப்பத்தான் ஒவ்வொன்னா வெளங்குது. வேங்கடசாமி வந்ததும், இருங்க நான் ஒருக்காப் பாக்கறேன்னு இவருதான் மொதல்ல உக்காந்து குனிஞ்சுட்டு எந்திரிப்பாரு. சந்தைக்குன்னா எடுக்கும். கோயலுக்குன்னா எடுக்கும். கோயமுத்தூருக்குத் தனியாப் போறேன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் எடுக்கல பாருங்க. இன்னைக்கும் கல்யாணத்துக்குப் போறப்ப அமத்திப்போட்டுத்தான் போயிருக்காரு.

ஐப்பசியில ஒரு நாளு, அவசரமாப் போகோணும். தூறிட்டு இருந்துச்சு. வண்டி எடுக்கல. அவரே சட்டைக் கைய மடிச்சு உட்டுட்டு வந்து பேனட்டத் தொறந்தாரு. வயரப் புடுங்குறாரு, தொடைக்குறாரு, ஊதுறாரு. மறுபடி திருப்பச் சொல்றாரு. எடுக்கல. நான் பஸ்ஸுக்கே போறனுங்கறேன். இதா ஆச்சு, இதா ஆச்சுங்கறாரு. முகமெல்லாம் கரி. அவரு நனையறாரேன்னு நான் கொடையப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே நின்னேன் பாய். மனுசன் நமக்காக இத்தன பாடுபடறாரேன்னு எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. உள்ளுக்குள்ள என்ன நெனச்சிருப்பாரு? கொடைக்குள்ள நின்னுட்டு என்ற மூஞ்சியப் பாத்து எப்புடிங்க அந்த வயர ஊதுனாரு? தூ!

கோவம் இல்லீங்க. கோவமா இருந்தாத் தேவல. கொமட்டுது. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாருன்னா எதுத்து நின்னிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், பட்டினி கெடந்திருப்பேன். அந்த மனுசன் வேண்டாம்னு சொன்னதே இல்ல. போய்ட்டு வா, நானா தடுக்கறேன்னுதான் சொல்லுவாரு. சொல்லிப்போட்டுச் சாவகாசமாச் சாஞ்சு உக்காந்து காப்பி குடிப்பாரு. சுவிட்ச அமத்துன அந்தக் கையிலதான் ஒரு வருசமா எங்கிட்டச் சோத்த வாங்கித் தின்னாரு. இனி அவரு தொட்ட டம்ளரக் கழுவக்கூட எனக்குக் கை கூசும்.

அந்தச் சுவிட்ச அறுத்து எறிஞ்சுபோட்டு வயர நேரா முடிஞ்சு உடுங்க. வேற எங்கயும் மாத்தி வெக்க வேண்டாம். அவருக்குத் தெரியாம ஒளிச்சு வெக்கற புத்தி எனக்கு எதுக்கு?

ஆச்சுங்களா? கையக் கழுவிட்டு வாங்க. நீங்க பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், உக்கடம் வரைக்கும் நானே கொண்டாந்து உடறேன். அட, சும்மா ஏறுங்க, எனக்கும் அந்தப் பக்கம் சோலி இருக்குது. போற வழியில கோயமுத்தூர்ப் பீளமேட்டுல ரெண்டு நிமிசம் நிறுத்துவேன், அவ்வளவுதான்.

அங்க இருக்கறது எம் பொண்ணுங்க. பிரவீனா. கூடப் படிச்ச பையனையே கட்டிக்கிட்டா, எங்காளுக இல்ல. அதுல இருந்து அவரு அவ பேரையே எடுக்கறதில்ல. ஐப்பசியில அவசரம்னு சொன்னனல்ல, அவளுக்கு வலி எடுத்துருச்சுன்னு அந்தப் பையன் போன் பண்ணுன நாளு அது. நாங்க பேனட்டுக்குப் பக்கத்துல நிக்கறப்பவே கொழந்தை பொறந்துருச்சு. அதான் நல்லபடியாப் பொறந்துருச்சே, பஸ்ஸுல வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும், வண்டி சரியாகட்டும், சீரோட போலாம்னாரு. அதையும் நம்புனேன். பொம்பளக் கொழந்தைங்க. இப்பக் குப்புற உழுகுதாமா. நான் இன்னும் மூஞ்சி பாக்கல.

ஒவ்வொரு தாட்டியும் போன்ல சொல்லுவேன், வண்டி எடுக்கல கண்ணு, அடுத்த வாரம் வாரேன்னு. போன வாரம் அவ கேட்டுப்போட்டா. வர மனசில்லைன்னா இல்லைன்னே சொல்லீருங்கம்மா, எதுக்கு அந்த வண்டி மேல பழி போடறீங்கன்னு. அதுக்கப்பறம் என்ற கொரலக் கேட்டாலே போன வெச்சுடறா.

நீங்க உள்ள வந்து உக்காரக்கூட வேண்டாம் பாய். வாசப்படில நின்னு, அந்த வண்டி நெசமாவே எடுக்கலீங்கன்னு ஒரே ஒரு வார்த்தை அவகிட்டச் சொல்லிப்போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.