வெறுங்கையில் ஒரு பந்து

மழை விட்ட சாயங்காலம். திருமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னல்பக்கம் இருந்தவள் சொன்னாள்:

“டிவி வீடியோ கேமுல வார பந்த எங்க வீட்டுக்காரரு வெறுங்கையால தடுக்குறாருக்கா.”

“பக்கவாதம் வந்த மனுசனுக்கு வெளாட்டு ஒரு கேடா?”

“டாக்டர் சொன்ன பயிற்சின்னா மூஞ்சியத் திருப்பிக்கிருவாரு. இது மகளோட போட்டில்ல? கையில எதையும் பிடிக்க வேணாம், டிவி மேல வச்ச கேமராவே ஆளோட அசைவப் பாத்துக்கிருது.”

“வலது கை அசையுதா?”

“நாங்கல்லாம் எதையும் அவரோட எடது கையிலதான குடுப்போம்? டிவிக்கு எது வெளங்காத கைன்னு தெரியாதுல்ல, ரெண்டு பக்கமும் பந்து போடுது. நேத்து வலப்பக்கம் வந்தத, தோள் வரைக்கும் கையத் தூக்கித் தடுத்துட்டாரு!”

“அடி ஆத்தீ! அப்புறம்?”

“மக தோத்துட்டா. தோத்தவதான் தெருவுக்கே கேக்குற மாதிரி விசிலடிச்சா.”