எதிர்க்கடை

தமிழ்மணி: பூட்டு புதுசா இருக்கே ஹஸ்ஸான்...

ஹஸ்ஸான்: மூடுற கடைக்கு நல்ல பூட்டா இருக்கட்டுமேன்னு வாங்கினேன்.

தமிழ்மணி: எதிர்க்கடைக்காரன் நீ, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. டீக்கடையில எவனோ சொல்லித்தான் தெரியுது.

ஹஸ்ஸான்: சொல்லலாம்னுதான்... உக்காரு. மக சஜிதா பினாங்குக்கு வந்துடுங்க வாப்பான்னு கூப்பிடுது.

தமிழ்மணி: போன வருஷமும் கூப்பிட்டுச்சு. அங்க போயி யாரோட சண்டை போடுறதுன்னு கேட்டே.

ஹஸ்ஸான்: வியாபாரம் செத்துப் போச்சு மணி. மூக்குக்கண்ணாடி பிரேம் இறக்கப் பர்மிட் கிடைக்கல. டாலர் வெளிய போயிடக் கூடாதாம்.

தமிழ்மணி: அட, அது என் கட்சிடா. காலேஜுல நான் பேசினது.

ஹஸ்ஸான்: மறக்குமா... எகனாமிக்ஸ் கிளாஸுல வாத்தியாரு ஸயா நம்மளை ரெண்டு கட்சியா பிரிச்சு விட்டாரு. நீ அந்தக் காலத்து ராஜாக்கள் கட்சி. சரக்கை வெளிய வித்துத் தங்கத்தை உள்ள கொண்டா, ஒரு குண்டுமணி வெளிய விடாதே, பக்கத்து நாடு நொடிச்சாத்தான் நாம பொழைப்போம்...

தமிழ்மணி: மெர்க்கன்டிலிசம். மேசையை வேற குத்தினேன்.

ஹஸ்ஸான்: மேசைக் கால் உடைஞ்சுது.

தமிழ்மணி: அப்புறம் நீ எந்திரிச்சே, கைலியை இறுக்கிக் கட்டிக்கிட்டு. தங்கத்தைத் திங்க முடியுமாடான்னு...

ஹஸ்ஸான்: ராஜாக்களுக்கு அப்புறம் வந்தவங்க சொன்னதுதானே. நாட்டோட செல்வம் கஜானாவுல இல்ல, ஜனங்க செய்யுற பொருள்ல இருக்கு. அவனவனுக்குக் கைவந்ததைச் செஞ்சு, கதவைத் தொறந்து மாத்திக்கிட்டா ரெண்டு பக்கமும் லாபம். அடுத்தவன் நல்லா இருந்தாத்தான் நம்ம சரக்கை வாங்குவான்...

தமிழ்மணி: பொண்ணுங்க பக்கம் ஒரே கைதட்டல்.

ஹஸ்ஸான்: உனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

தமிழ்மணி: எவ்வளவு நல்ல நாளுடா அதெல்லாம்... பசுந்தாங் போற பஸ்ஸுல அதே சண்டை. கண்டக்டரு இறக்கி விட்டான்.

ஹஸ்ஸான்: மழையில நடந்து வந்தோம். அப்பவும் நிறுத்தல.

தமிழ்மணி: சரி, பேச்சை மாத்தாதே. வியாபாரம் செத்துப் போச்சுங்கறே... உன் கடைக்கு தெனம் ஆளு வருதே, நான்தான் பாக்கறேனே.

ஹஸ்ஸான்: வருது. எல்லாரும் ஒண்ணு போலச் சொல்றாங்க. எதிர்க்கடையில சரக்கு இல்லையாம், உங்ககிட்ட போகச் சொன்னாங்கன்னு.

தமிழ்மணி: இல்லாததை இல்லேன்னுதானே...

ஹஸ்ஸான்: நேத்து நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப உன் கடைக்குள்ள போனேன். அலமாரி நிறைய பிரேம் தொங்குது மணி.

தமிழ்மணி: அது... பழைய மாடல்.

ஹஸ்ஸான்: பொய் சொல்லாதே. உன் வாய்க்குப் போக வேண்டியதை நான் தின்னுக்கிட்டு இருக்கேன். நான் போயிட்டா அந்த ஆளுங்க உன்கிட்டயே வாங்குவாங்க. அதுக்குத்தான் இந்தப் பூட்டு. சஜிதா இந்த வருஷம் கூப்பிடல... நானாத்தான் வர்றேன்னேன்.

தமிழ்மணி: எதிர்க்கடை மூடினா எனக்கு லாபமா? அது என் கட்சியாச்சே, நீ எப்படா அதுக்கு மாறினே? நான் அன்னைக்கு நீ பேசி உக்காந்தப்பவே அதை விட்டுட்டேன்... உன்கிட்ட ஒத்துக்கத்தான் மனசு வரல. ரெண்டு கடையும் தொறந்திருந்தாத்தான் கண்ணாடி வாங்க இந்தத் தெருவுக்கு ஆளு வரும். அந்தப் பூட்டை இப்படிக் குடு.