மூன்று டிக்

அந்தி நேரம், மஹ்ரிப் பாங்குக்குப் பத்து நிமிடம் இருந்தது. கல்முனையிலிருந்து மேற்கே, கிட்டங்கியைத் தாண்டி, வயல்வெளிக்குள் போகும் கிறவல் ரோட்டு. யானைக்குப் பயந்து அந்த நேரத்தில் அங்கே யாரும் போவதில்லை. அன்று ஒருவன் போனான். மோட்டார் சைக்கிளில், தனியாக... முதுகில் ஒரு தூண்டில் ரொட்டைக் கட்டிக்கொண்டு.

முஸ்தாக். நம்ம ஜவுபரின் மாமி மகன். ஜவுபரிடம் கேட்டுப் பாருங்கள், பகலில் இதைச் சொல்லமாட்டான்.

முஸ்தாக் ஆட்டோ ஓட்டுகிறவன். மீன்பிடிப்புக்கும் அவனுக்கும் தூரம். ரொட் அவனுடைய மச்சான் அச்சிமுகம்மதுவுடையது. அவனுடைய மூத்த சகோதரி, ராத்தா றுஸ்னாவின் கணவர். மருதமுனையில் கைத்தறி நெய்தவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் விரால் பிடிக்கக் குளத்துக்குப் போய்விடுவார். மார்கழி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை போனவர் திரும்பவில்லை. குளத்து மதகான துரிசடியில் சைக்கிள் நின்றது. நாணலுக்குள் ரொட் கிடந்தது, நூல் அறுந்து. சுழியோடிகள் மூன்று நாள் தேடினார்கள். மையித்து கிடைக்கவில்லை.

எட்டு மாதம். றுஸ்னா மனைவியா, விதவையா? யாருக்கும் தெரியாது. மௌத்துக்கு ஓர் அடையாளமாவது இல்லாமல், விதவை தனித்திருக்கும் இத்தாவில் இருக்க வைக்க முடியாது என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். அவள் தினமும் இரண்டு பேருக்குச் சோறு போட்டாள். ஒன்றை விடியக் கோழிக்குக் கொட்டினாள். ஆள் பாதியாகிவிட்டாள். தம்பிக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை என்று ரொட்டை அவனிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கழுவிராத. அவர் வந்து கழுவுவார்."

அந்த ரொட்டில் அச்சிமுகம்மதுவுக்குப் பைத்தியம். தாமரை வேருக்குள் ஓடும் விராலை இழுக்கவென்று தடித்த ரொட்டாகப் பார்த்து எடுத்தவர். பச்சை முறுக்கு நூல். வீட்டுக்கு வந்ததும் ரீலைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, தறிக்கு விடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விடுவார். பிறகு டிராக், மீன் இழுத்தால் நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று வைக்கும் திருகு. அதை இறுக்கமாக விட்டுவிட்டால் உள்ளே வோசர் நசிந்து போகும். ஆகவே படுக்கப் போகுமுன் மூன்று முறை தளர்த்துவார். டிக்... டிக்... டிக். அந்தச் சத்தம் கேட்டால்தான் றுஸ்னா விளக்கை அணைப்பாள்.

முஸ்தாக் அவள் சொன்னபடியே சேற்றோடு கதவு மூலையில் சாத்தி வைத்தான்.

ஒரு சனிக்கிழமை காலை... சேறு இல்லை.

மனைவி பஸ்மினாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டான்.

"எனக்கு உங்கட சாரன் கழுவவே நேரமில்ல," என்றாள் அவள். "இந்தத் தடியையா கழுவப் போறன்?"

அடுத்த வெள்ளி ரொட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். டிராக்கை முடிந்த மட்டும் இறுக்கி, கறுப்புப் பேனாவால் ஒரு கோடும் போட்டான். சாவி இடுப்பில். காலையில் திறந்தால் கோடு விலகியிருந்தது. அலுமாரிக்குள் தறி எண்ணெய் மணம்.

நேரே கல்முனையில் தூண்டில் சாமான் விற்கும் சதீஸிடம் போனான்.

"மீனுக்குப் போகாத ஆளுக்கு ரீல் என்னத்துக்கு நானா?"

"திறந்து பாரு தம்பி. கடைசியா ஆரு திறந்தெண்டு தெரியணும்."

"நான் என்ன பொலிஸா?" என்று சிரித்துக்கொண்டே சதீஸ் கழற்றினான். சிரிப்பு நின்றது. "நல்லா வேலை தெரிஞ்ச ஆள்தான். வோசர் எல்லாம் துடைச்சு ஒழுங்கா அடுக்கிக் கிடக்கு. மறுகா என்ன விசர் வேலை இது... குளத்துத் தண்ணியில கழுவியிருக்கு. பாருங்க, பாசி."

"எப்ப கழுவினது?"

"ராவுதான். இன்னும் காயல்ல."

முஸ்தாக்குக்கு அப்போதே முடிவாகிவிட்டது. மனிதர் மௌத்தாகவில்லை. குளத்தடியில் எந்த மீன்வாடிக் குடிசையிலோ ஒளிந்திருக்கிறார். ராத்தாவை அழவிட்டு, ரீலுக்கு எண்ணெய் போட மட்டும் வந்து போகிறார். பூட்டிய அலுமாரியை எப்படித் திறந்தார் என்று அவன் யோசிக்கவே இல்லை. இந்த ரொட் குளத்துக்கு வந்தால் ஆள் வெளியே வராமலா போகும்?

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை அந்தக் கிறவல் ரோட்டில் போனான்.

குளக்கட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. விராலுக்குப் பொய் இரையான ரப்பர் தவளையை நூலில் கட்டினான். முடிச்சுப் போடத் தெரியாது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குருட்டு முடிச்சு. டிராக்கை இறுக்கினான். தாமரை இலைகளுக்கு நடுவே எறிந்தான்.

"மச்சான்! வெளிய வாங்க. உங்கட ரொட் இரிக்கி!"

தூரத்தில் பாங்கு கேட்டது. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன... சட்டென்று நின்றன.

டிக். டிக். டிக்.

கைக்குள்ளேயே. அவன் திருகைத் தொடவில்லை.

நூல் ஓடியது. மீன் போல வெட்டி வெட்டி அல்ல. நடந்து போகிற ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு போவது போல, ஒரே சீராக. துரிசடிக்குப் போய் நின்றது. பிறகு தளர்ந்தது. முஸ்தாக் சுற்றினான். ஒரு பாரமும் இல்லை.

நூல் முனை கரைக்கு வந்தது. தவளை இல்லை. அவனுடைய குருட்டு முடிச்சுகளும் இல்லை. அங்கே ஒரு சாரன் கிழிசல், கைலித் துண்டு. ஓரத்தில் நீலக் கரை. றுஸ்னா கணவனுக்கென்று தன் கையால் நெய்த கரை. அது நூலோடு தறி முடிச்சால் கட்டப்பட்டிருந்தது, இழை அறுந்தால் நெசவாளர் போடும் முடிச்சு. ஆனால் இடப்பக்கம் திரும்பியது. அச்சிமுகம்மது இடக்கைக்காரர். வால் பல்லால் கடித்து எடுக்கப்பட்டிருந்தது. கடித்த இடம் புதிது.

முஸ்தாக் குளக்கட்டிலேயே குந்திவிட்டான். முடிச்சோடு காட்டினால், போட்ட ஆள் உயிரோடு இருக்கிறார் என்பார்கள். ராத்தா இன்னும் எத்தனை வருடம் இரண்டு கோப்பையில் சோறு போடுவாள்? முடிச்சை லைட்டரால் எரித்தான். ரொட்டைக் குளத்துக்குள் வீசினான். துணியை மட்டும் கொண்டுபோனான்.

பள்ளிவாசலில் துணியைப் பார்த்தார்கள். றுஸ்னாவும் பார்த்தாள். கரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓம். இது அவர்ர" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளை உடுத்து இத்தாவுக்கு இருந்தாள். அன்றே வாசல் ஆணியில் பட்டு அவளுடைய முந்தானை ஓரம் கிழிந்தது. முஸ்தாக் பார்த்துக்கொண்டுதான் நின்றான். பொழுது பட்டதும் அவன் கண்முன்னாலேயே உள்ளே தாழ் போட்டாள்.

காலையில் இடியப்பம் கொண்டுபோனான். தட்டியதும் றுஸ்னா திறந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நன்றாக உறங்கி எழுந்த முகம். முந்தானையின் கிழிசல் சேர்த்து முடியப்பட்டிருந்தது. இழை இழையாக, சின்னச் சின்ன முடிச்சுகள்... எல்லாம் இடப்பக்கம் திரும்பியவை. தொட்டான். ஈரம்.

"ராத்தா! ஆரு இதுக்கு—"

அவள் அவசரமாக அவன் வாயைப் பொத்தினாள். விரலில் தறி எண்ணெய் மணந்தது.

"மெல்லக் கதைடா. இப்பதான் படுக்கப் போறார்."

சாத்தியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னால் கேட்டது.

டிக்... டிக்...

றுஸ்னா மூன்றாவதற்காகக் காத்து நின்றாள், கையை விளக்குச் சுவிச்சில் வைத்துக்கொண்டு.