இராசமணி மாமியின் கோடு

மீற்றரில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் இருக்கிறது, ஐயா. யாரும் அதைக் கவனிப்பதில்லை. வீட்டில் கரண்ட் கூடச் செலவானால் வேகமாக மின்னும், குறைந்தால் மெதுவாக மின்னும்.

அதன் முன்னால் பெருவிரல் நகமளவு சென்சர் ஒன்றை ஒட்டியவன் நான்தான். மடத்துவெளியில் இராசமணி மாமி தனியாக இருந்தார். மகன் சயந்தன் சுவிஸில், என்னோடு படித்தவன். சென்சர் அந்த மின்னலை எண்ணி அனுப்ப, அவனுடைய போனில் அது ஒரு கோடாக ஏறி இறங்கும். தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தில் போட்டால் கோடு குத்தென்று எழும்பும். கிணற்று மோட்டர் போட்டால் இன்னொரு மேடு. அம்மா எழும்பிவிட்டார், குளித்துவிட்டார் என்று அங்கிருந்தே தெரிந்துகொள்வான். பிறகு மாமிக்குப் போன் எடுக்கும் தேவை அவனுக்கு இருக்கவில்லை.

"நீ இருக்கிறபடியால்தான் மச்சான், நான் நிம்மதியா நித்திரை கொள்ளுறன்" என்பான். என்னிடம் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அது பெரிய சந்தோசம்.

ஒரு கந்தசஷ்டிக்கு மாமி விரதமிருந்து கேத்தில் போடவில்லை. கோடு படுத்துவிட்டது. சயந்தன் வேலைத்தலத்திலிருந்து அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தான். அவனை இனிக் கலங்கவிடக் கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன். அடுத்த விரதத்துக்கு நானே போய் நின்றேன்.

"எனக்குத் தேத்தண்ணி வேண்டாம் தம்பி."

"குடிக்க வேண்டாம் மாமி. கொதிக்க வையுங்கோ."

வைத்தார். நல்ல மனுசி, பிடிவாதம் இல்லை. மாரி மழையிலும் மோட்டரைப் போட்டு, நிறைந்த தொட்டியை வழியவிடுவார்.

ஆடியில் அவர் குசினி வாசலில் விழுந்தார். இடுப்பு அசையவில்லை.

"தம்பி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ."

"ஏலாது மாமி. நானும் கூட வந்தால் ஆர் கேத்தில் போடுறது?"

பாய் விரித்துப் படுக்கவைத்தேன். காலையில் கேத்தில், பிறகு மோட்டர், பின்னேரம் அவர் பார்க்கும் நாடகம், எல்லாவற்றையும் நேரம் தவறாமல் போட்டேன். "அம்மா இந்தக் கிழமை நல்ல உசார் போல" என்று சயந்தன் எழுதியிருந்தான். மாமிக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

எப்போது இறந்தார் என்று கேட்கிறீர்கள். தெரியாது ஐயா, கோட்டில் ஒன்றும் காட்டவில்லை.

மணம் வந்து அயலவர்கள் சொல்லித்தான் நீங்கள் வந்தீர்கள். அப்போதும் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. சயந்தனுக்கு நீங்களே போன் எடுத்துச் சொன்னீர்கள். அவன் நம்பவில்லை. "சும்மா கதை சொல்லாதேங்கோ ஐயா, அம்மா இப்பத்தான் கேத்தில் போட்டவ" என்றான். உங்கள் கொன்ஸ்டபிள் வீட்டைப் பூட்டுவதற்காக மெயின் சுவிச்சை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் போனில் அவன் குழறி அழுதது கேட்டது.

மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் சாகவிட்டவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் சயந்தனின் அம்மாவைக் கொன்றது உங்கள் கொன்ஸ்டபிள், ஐயா.