மூன்று பூச்சு மெழுகு

ஐயா, நீங்கள் தந்த பிளேன்டீ நன்றாக இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் சொல்கிறேன், நம்பலாம். பேசுவதில் எனக்குத் தயக்கம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு காரியம். அந்தக் காரை ஸ்டேஷன் முற்றத்தில் மரத்தடியில் நிறுத்தியிருக்கிறீர்கள். மழை இருட்டிக்கொண்டு வருகிறது. மரத்தில் காக்கைகளும் இருக்கின்றன. ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னால், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக் கையெழுத்தும் வைத்துவிடுவேன்.

நன்றி. அந்தக் கான்ஸ்டபிள் தார்ப்பாயைப் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டால் நல்லது. போதும்.

பெயர் சின்னராசா. வயது ஐம்பத்திரண்டு. வட்டவளைக்கு மேலே, குணபூசணி டீச்சரம்மாவின் பங்களாவில் பத்தொன்பது வருஷமாக டிரைவர். கார் முப்பத்தெட்டாம் ஆண்டு செய்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது டீச்சரம்மாவின் மாமனாருக்கு விற்றுவிட்டுப் போனாராம். அந்தத் துரை என்ன மனுஷனோ தெரியாது. இதை விட்டுவிட்டுக் கப்பல் ஏற எப்படித்தான் மனம் வந்ததோ.

நீங்கள் அதைப் பழைய கார் என்று எழுதிக்கொண்டீர்கள். எழுதுங்கள். ஆனால் ஒரு தடவை பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்சக்கரத்தை மூடுகிற மட்காட்டில் ஒரு வளைவு தொடங்கும். கதவுக்கு வரும்போது மெலியும். பின்சக்கரத்தை முழுசாக மூடிக்கொண்டு வால் பக்கம் இறங்கி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும். விளக்கு இரண்டையும் தனியாகப் பூட்டாமல் மட்காட்டுக்குள்ளேயே புதைத்திருக்கிறார்கள். முழு வண்டியிலும் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு ஒன்றுகூடக் கிடையாது. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். கடவுள் நம்மைச் செய்தபோது கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார், ஐயா. காதையும் முழங்காலையும் பார்த்தாலே தெரியும், கடைசி நேரத்தில் ஒட்டியவை. இந்தக் காரைச் செய்தவன் அவசரப்படவில்லை. கோயிலில் கும்பிடும்போதும் எனக்கு இந்த யோசனை வரும். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டீச்சரம்மா நல்லவர். யாழ்ப்பாணத்து மனுஷி, கண்டிப்பு அதிகம், மனசு அதைவிடப் பெரிசு. என் மகள் ஜெயந்தினிக்கு மூன்று வருஷம் சும்மாவே கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று அவளும் ஒரு டீச்சர் என்றால் அது அவர் புண்ணியம்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. ஆனால் கார் விஷயத்தில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. சந்தையிலிருந்து வந்தால் கீரைக்கட்டைப் பொனட்டின் மேல் வைப்பார். கீரையை எடுத்துக் குசினியில் வைத்துவிட்டு, பொனட்டைத் துடைத்துவிடுவேன்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் பழைய கார்க் கண்காட்சி நடக்கும். போன வருஷம் மட்காட்டுக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார்த்து, ஒரு பொட்டுச் சேறு இருக்கிறது என்று நம்மை இரண்டாம் இடத்தில் போட்டார்கள். முதலிடம் ஒரு பெட்டி வண்டிக்கு. ரொட்டி வேகவைக்கும் தகரத்துக்குச் சக்கரம் பூட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வண்டி. ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் இந்த வருஷம் நான்கு நாள் செலவழித்து மூன்று பூச்சு மெழுகு போட்டேன். கண்காட்சி ஞாயிறு. நான் சொல்கிற நாள் வெள்ளி.

பிற்பகல் மூன்று மணிக்கு நல்ல மழை. சமையல்கார வேலாயி லீவு. டீச்சரம்மா தனியாகக் குடை பிடித்துக்கொண்டு கராஜுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சின்னராசா, நெஞ்சு நோகுது. கையும் விறைக்குது. காரை எடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

பங்களாவிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு மைல். மழை பெய்தால் அது ரோடு இல்லை, செம்மண் குழம்பு.

"பெட்டரி செத்துப்போச்சுங்க டீச்சரம்மா. கிஷாந்து ஆட்டோவ வரச் சொல்றேங்க" என்றேன்.

பெட்டரிக்கு ஒன்றுமில்லை. அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கொழும்பிலிருந்து செத்தவீட்டுக்கு வந்த டீச்சரம்மாவின் மகன் கஜதீபன், எட்டாம் நாள் சும்மா சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நேராக உங்களிடம் வந்துவிட்டார். என்னைக் காட்டிக்கொடுத்தது அந்த எஞ்சின்தான். உண்மையைச் சொன்னால், அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கிஷாந்த் நல்ல பிள்ளை. ஃபோன் எடுத்து இருபது நிமிஷத்தில் சேற்றில் சறுக்கிச் சறுக்கி வந்துசேர்ந்தான். டீச்சரம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவன் நான். அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனவனும் நான். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றது. அரைமணி நேரம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். செத்தவீட்டில், பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்திருக்காது என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. கண்காட்சிக்குத்தான் போகவில்லை. துக்கவீடு என்று மகன் சொல்லிவிட்டார். பெரியவர்கள் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை.

இப்போது என் ஃபோனைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். டீச்சரம்மா வந்தது மூன்று மணி. கிஷாந்துக்கு எடுத்தது மூன்று முப்பத்தைந்து. இடையில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. நியாயமான கேள்வி.

டீச்சரம்மா வந்தவுடன் குடையை உதறினார். காரின் இடது பக்கம் முழுக்கத் தண்ணீர்த் துளி. பிறகு தலை சுற்றி, வலது மட்காட்டில் கையை ஊன்றினார். வேர்த்த கை, ஐயா. விரல் ஐந்தும் அப்படியே மெழுகில் பதிந்துவிட்டன. உடனே எடுக்காவிட்டால் கறை நின்றுவிடும். நான் அவர் கையை மெதுவாக எடுத்து, முக்காலியில் உட்காரவைத்தேன். மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்யவில்லை. பிறகு மஞ்சள் துணியை எடுத்தேன். மெழுகு வேலை வட்டமாகத் தேய்க்கிற வேலை. அவசரப்பட்டால் திட்டுத்திட்டாகிவிடும்.

டீச்சரம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கத்தவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரே ஒரு தடவை, "சின்னராசா, ஃபோனை எடு ராசா" என்றார்.

"இந்தா முடிஞ்சுதுங்க டீச்சரம்மா" என்றேன். இடது பக்கத்தில் அப்போது நான் கையே வைத்திருக்கவில்லை.