தீராத கம்பளி

அன்று காலை அந்த மாடி வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னலோர நாற்காலியில் பின்னல் ஊசிகளோடு, பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிய லேத்துக்காரன். உள்ளறையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவன் மனைவி. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் நின்ற அவள் தம்பி, பெயிண்டர்.

பெயிண்டர்: என்ன மாமா இது... மப்ளரா, யானைத் தும்பிக்கையா?

லேத்துக்காரன்: மப்ளர்தான்.

பெயிண்டர்: அந்தப் பக்கம் நாலு விரல் அகலம். இந்தப் பக்கம் என் முதுகு அகலம் இருக்கு.

லேத்துக்காரன்: கண்ணி தானா கூடிக்கிட்டே போகுது. வீடியோவுல பின்னச் சொல்லித்தர்ற அந்தம்மாவுக்குக் கூடல. எனக்குக் கூடுது.

பெயிண்டர்: பிரிச்சுப் போட்டுட்டு முதல்லேர்ந்து...

லேத்துக்காரன்: பிரிக்க மாட்டேன். ஆரம்பத்தைப் பாரு, ஓட்டை ஓட்டையா. குடியை விட்ட புதுசுல கை உதறினப்ப பின்னினது. இங்க வா... இது நேத்து. தொட்டுப் பாரு.

பெயிண்டர்: ம்... சமமாத்தான் இருக்கு.

லேத்துக்காரன்: பட்டறை ஃபோர்மேன் அதைத்தான் கேட்டார். கை நிக்கற அன்னிக்கு வா, மெஷினைத் தரேன்னார்.

பெயிண்டர்: முதல்ல ஏதோ துணியை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கப்போறதாச் சொன்னீங்க?

மனைவி: அது என் யோசனைடா. பழைய சட்டையெல்லாம் சதுரமா வெட்டிக் குடுத்தேன். ஊசியில நூல் கோக்கவே பாதி நாள் போச்சு. கடைசியில ஊசியைச் சுவத்துல விட்டெறிஞ்சார்.

லேத்துக்காரன்: இது பென்சில் தடிமன். பிடிக்க முடியுது. அந்தச் சதுரமெல்லாம் பெட்டியில பத்திரமா இருக்கு. கை நின்னதும் தைப்பேன்.

பெயிண்டர்: இரும்புல மரை வெட்டின ஆளு... கடைசியில பொம்பளை வேலைக்கு...

மனைவி: நீ ஒரு வரிசை பின்னு, பார்ப்போம்.

பெயிண்டர்: நான் ஒண்ணும் சொல்லலக்கா. நீ தலையைச் சீவு.

லேத்துக்காரன்: கடைக்காரன்தான் சரியில்லை. நல்ல நூல்னு தலையில கட்டிட்டான். அங்கங்க முடிச்சு வருது. உருண்டையும் தீர்ந்த பாடில்லை.

பெயிண்டர்: அதை விடுங்க மாமா... கிட்ட வாங்க. இன்னிக்கு எனக்கு மதியத்தோட வேலை முடியுது. பழைய இடத்துல எல்லாரும் வர்றாங்க. ஒரு ரவுண்டு. ஒண்ணே ஒண்ணு.

லேத்துக்காரன்: உங்கக்கா பூட்டிட்டுப் போவா.

பெயிண்டர்: அதான் கேக்கறேன். கட்டின புருஷனைக் கோழியை அடைக்கற மாதிரி அடைச்சு வைக்கறதா? தீப்பிடிச்சா?

லேத்துக்காரன்: ஒரு சாவி கீழ்வீட்டு நர்ஸம்மாகிட்ட இருக்கு. புகை வந்தா திறப்பாங்க. நான் கத்தினா திறக்க மாட்டாங்க. பூட்டச் சொன்னதே நான்தான்.

பெயிண்டர்: உள்ளேர்ந்து திறக்கவும் அதே சாவிதானே... மொத்தம் மூணு சாவியாச்சே. மூணாவது?

லேத்துக்காரன்: தொலைஞ்சுபோச்சு.

பெயிண்டர்: அக்காகிட்ட விட்ட கதையை என்கிட்டயும் விடறீங்களே.

லேத்துக்காரன்: மெதுவாப் பேசு, அவளுக்குக் கேட்டுடும்.

பெயிண்டர்: சரி, சொல்லுங்க மாமா.

லேத்துக்காரன்: இந்த உருண்டைக்குள்ள இருக்கு. சாவி மேலதான் கம்பளியைச் சுத்தினேன். முழுசும் பின்னித் தீர்த்தா கையில வரும். அப்பவும் குடிக்கப் போகணும்னு இருந்தா போறது. எனக்கு நானே போட்டுக்கிட்ட ஒப்பந்தம்.

பெயிண்டர்: இதுக்கு எதுக்குப் பின்னிக்கிட்டு... கத்திரிக்கோல் இதோ இருக்கு. ரெண்டு வெட்டுல சாவி வந்துடும். குடுங்க இப்படி.

லேத்துக்காரன்: கீழ வை.

பெயிண்டர்: ஒரே ஒரு தடவைதானே...

லேத்துக்காரன்: மாப்ள, அந்தக் கத்திரிக்கோலை நானும் தினம் கையில எடுக்கறேன். எடுத்துட்டு, பிசிறை மட்டும் நறுக்கிட்டு வச்சிடறேன். நீயும் வை.

மனைவி: என்ன குசுகுசுன்னு?

பெயிண்டர்: பின்னல் எப்படிப் போடறதுன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்க்கா.

மனைவி: கத்திரிக்கோலைப் பிடிச்சுக்கிட்டா?

பெயிண்டர்: ...இதோ, வச்சிட்டேன்.

மனைவி: சாப்பாடு மூடி வச்சிருக்கேங்க. சூடு பண்ணிக்குங்க. கிளம்பறேன்.

லேத்துக்காரன்: இரு. ஒண்ணு சொல்லணும்... அந்த மூணாவது சாவி தொலையல.

மனைவி: தெரியும்.

லேத்துக்காரன்: என்ன தெரியும்?

மனைவி: அன்னிக்கு உருண்டை கட்டில்லேர்ந்து விழுந்துச்சே, ணங்குன்னு கேட்டுச்சு. கம்பளிக்கு ஏது சத்தம்?

லேத்துக்காரன்: அப்புறம் ஏன் எடுத்து வைக்கல?

மனைவி: பூட்டறது என் வேலை. திறக்காம இருக்கறது உங்க வேலை.

பெயிண்டர்: கத்திரிக்கோலையாவது பையில போட்டுக்கக்கா.

லேத்துக்காரன்: வேணாம். இங்கயே, என் கண்ணு முன்னாடியே கிடக்கட்டும். உருண்டை இன்னும் கொஞ்சந்தான் இருக்கும். தீர்ந்ததும் சாவியை உன் கையில தரேன்.

மனைவி: அது இப்போதைக்குத் தீராதுங்க.

லேத்துக்காரன்: ஏன்?

மனைவி: நீங்க குளிக்கப் போறப்பல்லாம் அதுமேல புதுக் கம்பளியை முடிஞ்சு சுத்தி வைக்கறது நான்தான். பாவம், கடைக்காரனைத் திட்டாதீங்க... டேய், நட. பூட்டணும்.

அக்காவும் தம்பியும் படியிறங்கும் முன் கதவு சாத்தப்பட்டது. வெளியிலிருந்து சாவி திரும்பியது.