வகை எழுதாத வரி

நான் எதையும் முழுதாக எழுதிப் பழகியவன். வீட்டில் ஒட்டிவைக்கும் சீட்டில்கூட 'நாளைக்கு வருவேன்' என்று எழுத மாட்டேன். தேதியும் கிழமையும் போடுவேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள். நீங்கள் கேட்டதற்கும் அப்படியே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு மருந்து ஏற்றும் கருவி செய்கிறது. மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, மொத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டிக்கொண்டே வந்து, மருத்துவர் சொன்ன அளவு ஆனதும் தானாக நின்றுவிடும். அதை இயக்கும் நிரலை எழுதுவது எங்கள் பிரிவு. ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒப்புதல் தருவது என் வேலை. பதினேழு வருடமாக ஒரு விதி வைத்திருந்தேன். ஒரு மதிப்பை வைத்திருக்கும் வேரியபிள் எதை அறிவித்தாலும் அதன் வகையைக் கையால் எழுத வேண்டும். முழு எண் என்றால் இன்ட், புள்ளி வைத்த எண் என்றால் டபுள். நிரலைக் கருவிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் முடிவுக்கு அதை விடக்கூடாது.

என் மனைவியின் தங்கையை நான்தான் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. வந்த எட்டாவது மாதம், பிரிவுக் கூட்டத்தில் என் விதியை எடுத்துவிடலாம் என்றாள்.

"வகை எழுதாம 'வார்'னு மட்டும் போட்டா போதும் மாமா. முதல்ல என்ன மதிப்பு கொடுக்கிறோமோ, அதைப் பார்த்து கம்பைலரே வகையைக் கண்டுபிடிச்சுக்கும்."

"கண்டுபிடிக்காது. ஊகிக்கும்," என்றேன்.

"உங்களைவிட நல்லாவே ஊகிக்கும். அக்கா கோவமா இருக்காளா இல்லையான்னு உங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மேலாளர் கை தூக்கச் சொன்னார். என் விதிக்கு என் கை மட்டும்தான் எழுந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் எழுதிய பகுதி என்னிடம் வந்தது. ஏற்றிய மருந்தின் மொத்தத்தை வைத்திருக்கும் வேரியபிளை வார் என்று அறிவித்து, 0 என்று தொடங்கியிருந்தாள். 0.0 என்று போட்டிருந்தால் கம்பைலர் அதைப் புள்ளி எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கும். வெறும் 0 என்றதால் முழு எண் என்று முடிவுகட்டிவிட்டது. கீழே, மொத்தத்தோடு கூட்டிச் சேர்க்கும் வரியில் அது எச்சரிக்கவும் செய்யாது. எங்கள் நிரல்மொழியில், கூட்டிச் சேர்க்கும் += என்ற குறிக்கு மட்டும் அப்படி ஒரு சலுகை உண்டு. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

பெரியவர்களுக்குக் கருவி ஒரு தடவைக்கு ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று முழுதாக ஏற்றும். கணக்கு பிசகாது. எங்கள் சோதனைகளும் பெரியவர்களின் அளவை வைத்தே எழுதப்பட்டவை. பச்சைக் குழந்தைக்கு ஒரு தடவைக்கு 0.2 மில்லி. பூஜ்யத்தோடு அதைக் கூட்டிப் புள்ளியை வெட்டினால் மறுபடியும் பூஜ்யம். எத்தனை தடவை கூட்டினாலும் அதேதான். மருந்து போய்க்கொண்டே இருக்கும். கருவியோ இன்னும் ஒன்றும் போகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இதைக் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று உங்கள் விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தேன். அது பொய். பார்த்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. 'இங்கே டபுள் என்று எழுது' என்று குறிப்புகூட எழுதினேன். பிறகு அதை அழித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தேன். சோதனைக்கூடத்தில் எப்படியும் மாட்டும், எல்லார் முன்னாலும் அவள் வாயடைத்து நிற்பாள், என் விதி திரும்ப வரும் என்று கணக்குப் போட்டேன். மாட்டவில்லை. கருவிகள் மருத்துவமனைகளுக்குப் போய்விட்டன.

இப்போது அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வேலை போய்விட்டது. தலைகூட வாருவதில்லை.

"ஒரு புள்ளி, ஒரு சைபர். அதைப் போடாம ஒரு குழந்தையைக் கொன்னுட்டேன் மாமா," என்கிறாள்.

"உன் மேல மட்டும் தப்பில்லம்மா," என்று சொல்கிறேன். என் மனைவி என்னை நன்றியோடு பார்க்கிறாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செய்தது பாவம் என்று எனக்குத் தெரிகிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தக் குழந்தை இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால், வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மெஷின் நிக்கவே இல்ல சார். நான் பக்கத்துல இருந்ததால கையால நிறுத்திட்டேன். குழந்தை நல்லாயிருக்கு. என்னன்னு கொஞ்சம் பாருங்க."

பார்ப்பதற்கு எதுவும் இல்லை. எந்த வரி என்று எனக்குத் தெரியும். கருவிகளை நிறுத்திவைக்கச் சொல்ல ஒரு கடிதம் போதும். ஆனால் ஒரே ஒரு புகாரைக் கொண்டுபோனால், செவிலியரின் கைத்தவறு என்று மேலாளர் தள்ளிவிடுவார் என்று தோன்றியது. அதனால் இரண்டாவது புகார் வரட்டும் என்று காத்திருந்தேன்.